தலை நிற்காத பிள்ளையும் தொலைதூரப் பயணமும்

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைப் பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பது, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு சின்னக் கல்யாண ஏற்பாடு. மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை மாதம் வர வேண்டும். செவ்வாய், சனி ஆகாது. ராகுகாலம் எமகண்டம் தள்ளி, சூலம் எந்தத் திசையில் என்று பார்த்து, அதற்கப்புறம்தான் பஸ் எத்தனை மணிக்கு என்ற பேச்சே எழும். பிள்ளையின் கையில் வசம்புக் காப்பு ஏறும். கன்னத்திலும் உள்ளங்காலிலும் மைப்பொட்டு. மடித்துப் போட்ட பழஞ்சேலைக்கு அடியில் ஒரு வேப்பங்கொத்து, பையின் அடியில் பாக்குவெட்டியோ வேறு ஏதோ ஒரு இரும்பு. வழியில் ஆறு குறுக்கிட்டால் தண்ணீரில் போடச் சில்லறை தனியாக முடிந்திருக்கும்.

கூட வருவது ஒயர் கூடை. அதற்குள் நைந்த வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், பாலாடை, உரைமருந்துச் சாமான் கட்டிய முடிச்சு, கொதிக்கவைத்த தண்ணீர் நிறைந்த பிளாஸ்க், கிரைப் வாட்டர் புட்டி, ஈரத்துணியைச் சுருட்டிப் போட ஒரு பாலித்தீன் பை. இன்றைய பிள்ளைக்காரி தோளில் மாட்டும் பையைத் திறந்தால் டயப்பர் கட்டு, ஈரத் துடைப்புத்தாள், மாற்றுச் சட்டைகள், ஜுர மருந்து, வெப்பமானி, தடுப்பூசி அட்டை, பவர் பேங்க். மைப்பொட்டு மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. கண்ணுக்கு மை தீட்டாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறங்கியதே அவர்களுக்குக் கிடைத்த வெற்றி.

பழைய ஏற்பாடுகளையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி 2020-ல் அந்த எண்ணிக்கை 13. பத்துப் பிள்ளைக்கு ஒன்று தங்காது என்பதை அன்றைய ஆச்சிகளுக்கு யாரும் புள்ளிவிவரம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெருவுக்குத் தெரு அந்தக் கணக்கு இருந்தது. ‘காத்துக் கறுப்பு’ என்று அவர்கள் பயந்தது வயிற்றுப்போக்கையும் கக்குவானையும் நிமோனியாவையும்தான். பெயர் வேறு, பயம் உண்மையானது. பிள்ளையை மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே எடுக்காமல் வைத்திருந்ததில் ஒரு காப்பும் இருந்தது. வேப்பிலை செய்ததாக நினைத்ததில் பாதியைத் தனிமை செய்தது.

இப்போது நாள் குறித்துத் தருவது பஞ்சாங்கம் அல்ல, தடுப்பூசி அட்டை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று ஊசி விழும் நாள்களையும், ஊசிக்கு மறுநாள் வரும் ஜுரத்தையும் கணக்கில் வைத்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் 1985-ல் தொடங்கி, படிப்படியாக நாடெங்கும் வந்தது. பிள்ளையைத் துணிந்து வெளியே தூக்கிப்போகும் தைரியத்தை நமக்குத் தந்ததில் ரயிலையும் காரையும்விட அந்த ஊசிக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் மாறிவிட்டது, பலருக்கு அது உறைப்பதில்லை. முன்பு பிள்ளை வீட்டில் பிறந்தது. ஆகவே அதன் முதல் பயணம் மூன்று மாதம் கழித்துத்தான். இன்றைய பிள்ளையின் முதல் பயணம் பிறந்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே ஆய்வு சொல்வது, அவற்றில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. அப்படியானால் பாதிக்குச் சற்றே குறைவான தாய்மார் தையல் போட்ட வயிற்றோடுதான் அந்த முதல் பயணத்தைப் போகிறார்கள். ஊர் எல்லையில் அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் வேகத்தடைகளின் உயரம் என்ன என்பதை நெடுஞ்சாலைத் துறைக்காரர்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுகையில் பிள்ளையை அணைத்தபடி வரும் பச்சை உடம்புக்காரியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அரசு மருத்துவமனையில் பெற்ற தாயையும் பிள்ளையையும் வீடுவரை இலவசமாகக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் ஓர் உரிமை. 2015-ல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த 16 பொருள்கள் அடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகமும் அப்படித்தான். சின்னக் கொசுவலையும் படுக்கையும் துண்டும் கிலுகிலுப்பையும் உள்ளே இருந்த அந்தப் பெட்டகத்தை, எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் முதல் பயணப் பெட்டியாகவே பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பயணத்தில் கேட்கப்படாத ஆள் பிள்ளையைப் பெற்றவள்தான். எந்த மாதம், எந்த நாள், எந்த வண்டி, யார் துணை என்பதெல்லாம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி முடிக்கும் விஷயம். அவளுக்கு முதுகு வலிக்கிறதா, பால் கட்டியிருக்கிறதா, இன்னும் ஒரு மாதம் அம்மாவிடம் இருக்க ஆசையா என்று கேட்டதாக நான் அறியேன். போகவேண்டியது கடமை, போனாள். ‘ஊர் சுற்ற’ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இன்று ஏழு மாதப் பிள்ளையோடு கொடைக்கானலில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்கும் கிழவிகள் ‘பனி ஆகுமா’ என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஆசைப்பட்டுப் போகும் பயணத்துக்கும் அனுப்பிவைக்கப்படும் பயணத்துக்கும் உள்ள தூரம் பெரியது. அதைக் கடந்தது இந்தத் தலைமுறைப் பெண்கள்தான்.

இனி ரயிலுக்கு வருவோம். மீட்டர் கேஜ் காலத்தில் எழும்பூரிலிருந்து தெற்கே வருவது இரவு முழுக்க நீளும் வேலை. நிலக்கரி எஞ்சின் இழுத்த நாள்களில் ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். தூங்கும் பிள்ளையின் இமைமேல் கரி விழாமல் முந்தானையைக் கூடாரமாகப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்த பெண்கள் இருந்தார்கள். மூன்றாம் வகுப்பு 1974-ல் பெயரளவில் ஒழிந்தது. மரப்பலகை இருக்கைகள் உடனே ஒழிந்துவிடவில்லை. ஜன்னல் கம்பியில் துவைத்த பிள்ளைத்துணிகள் வரிசையாகக் காயும். மேல் பெர்த்தின் சங்கிலியிலிருந்து எதிர்ச் சங்கிலிக்குச் சேலையைக் கட்டினால் தூளி தயார். வண்டியே ஆட்டிக்கொடுக்கும், கை வலிக்காது. வீட்டில் ராத்திரியெல்லாம் வீறிட்ட பிள்ளை ரயிலேறியதும் ஆறு மணிநேரம் அசையாமல் தூங்கும் அதிசயம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பெற்றவளுக்குப் பல வாரம் கழித்துக் கிடைக்கும் முதல் முழுத்தூக்கம் சில சமயம் ரயிலில்தான்.

இன்று வண்டியில் குளிரூட்டி இருக்கிறது, கரி இல்லை, துணி காயப் போடும் தேவையும் இல்லை. தூளி மட்டும் போகவில்லை. மூன்றடுக்கு ஏசி பெட்டியிலும் நடு பெர்த்தின் கொக்கியைத் தேடிச் சேலை முடிச்சுப் போடும் பாட்டிகளைப் பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே ரயிலில் டிக்கெட் வேண்டாம், தனி பெர்த்தும் கிடையாது. இரண்டடி அகலப் படுக்கையில் தாயும் சேயும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். இதற்கு ஒரு வழி காண, 2022 மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தோடு ஒட்டி மடக்கும் ‘பேபி பெர்த்’ ஒன்றைச் சோதனையாகப் பொருத்தினார்கள். படம் எல்லாக் கைப்பேசிகளிலும் சுற்றியது. நம் ஊர் வண்டிகளில் அது வழக்கத்துக்கு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பெற்றெடுத்து வந்தவளுக்கு, அதாவது அந்தக் கீழ் பெர்த் இன்னும் அதிகம் தேவைப்படுபவளுக்கு, சக பயணியின் மனசுதான் ஒதுக்கீடு.

அந்த மனசைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. மொபசல் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும்போது பிள்ளை முதலில் ஏறும், தாய் பிறகுதான் ஏறுவாள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து நீட்டப்படும் பிள்ளையை உள்ளே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தி வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். இருவருக்கும் முன்பின் பழக்கம் இருக்காது. நின்றபடி வரும் தாயைப் பார்த்ததும் கண்டக்டர் குரல் கொடுப்பார்: “அண்ணாச்சி, கைப்பிள்ளைக்காரி நிக்கால்லா, கொஞ்சம் எந்திரிச்சு எடம் குடுங்க.” அண்ணாச்சி எழுந்துவிடுவார். பிறகு பக்கத்து இருக்கையிலிருந்து விசாரணை தொடங்கும். பொம்பளப் பிள்ளையா, பேரு விட்டாச்சா, தாய்ப்பால்தானா, ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு, நீ பூண்டு சாப்பிடுதியா இல்லையா. கோவில்பட்டி வருவதற்குள் பெற்றவளின் மாமியாரைப் பற்றியும் முழு விவரம் தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளில் எரிச்சலும் இருந்தது, இறங்கும்போது ஒயர் கூடையைத் தூக்கிக்கொடுத்த கையும் இருந்தது. ஒன்று வேண்டாம், மற்றது வேண்டும் என்று பிரித்து வாங்க முடியாத சரக்கு அது.

இன்று அந்த மடிகள் குறைந்துவிட்டன. முன்பதிவு இருக்கை, ஆளுக்கொரு திரை, காதில் செருகிய இசை. மக்கள் கெட்டுவிட்டார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. முகம் தெரியாத ஒருவர் மடியில் பிள்ளையைக் கொடுக்க இன்றைய தாய் தயங்குகிறாள். பச்சைப் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தே சளியை ஒட்டவைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். கொரோனா வருஷங்களில் பெற்றவள் என்றால் இரண்டு மடங்கு தெரியும். பிள்ளை கடத்தல் செய்திகள் வேறு. கேட்பவரும் தயங்குகிறார், தவறாக நினைத்துவிடுவார்களோ என்று. இரண்டு தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவு என்னவென்றால், கைப்பிள்ளையோடு தனியாகப் பயணம் செய்யும் பெண் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இத்தனை வசதி வந்த பிறகும் பதில் இல்லை. முன்பு ‘கொஞ்சம் பிடிங்கம்மா’ என்பதுதான் பதில்.

டீக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்கு வெந்நீர் என்றால் காசு வாங்காத கடைக்காரர்கள் நெடுஞ்சாலை நெடுகிலும் உண்டு. பிளாஸ்க்கை வாங்கி, கொதிநீரில் ஒரு முறை அலசி ஊற்றிவிட்டு, பிறகு நிரப்பித் தருவார்கள். அந்த அலசலுக்கு யாரும் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. அன்று வெந்நீர் தேடுவது பயணத்தின் பாதி வேலை: பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க, புட்டியைக் கழுவ, பால்மாவு கரைக்க. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், வயிறு கெடும் என்ற அச்சம் வேறு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதை உலக சுகாதார அமைப்பு 2001-ல் தெளிவாகச் சொன்னது. பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்வதை இந்தியா 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. மருத்துவக் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பயணக்காரியின் கண்ணோடு பார்த்தால், பிளாஸ்க், புட்டி, மாவுடப்பா, கரண்டி, கழுவும் பிரஷ் என்று ஒரு கூடை நிறையச் சுமையை இந்த அறிவுரை இறக்கிவைத்தது. பால் சுரக்காத தாய்க்கு அந்தக் கூடை இன்னும் இருக்கிறது. அவளிடம் ‘ஏன் புட்டிப்பால்’ என்று பஸ்ஸில் கேட்பவர்கள் வாயை மூடிக்கொள்வது நல்லது.

சரி, தாய்ப்பால்தான் என்று முடிவு. எங்கே உட்கார்ந்து கொடுப்பது? அன்றைய வழி எளிது: முந்தானை இழுத்துவிட்டு இருந்த இடத்திலேயே. கூட வந்த பெண்கள் இருவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து மறைப்பார்கள். கிராமத்துப் பெண்கள் கூச்சப்பட்டதேயில்லை என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்கள் அன்றும் இருந்தன. பஸ் நிலையத்துத் தூணுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி, வியர்வையில் நனைந்தபடி அவசரமாகப் பால் கொடுத்தவர்கள் ஏராளம். பசியில் பிள்ளை அலற, வீடு போய்க் கொடுக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சுடிதார் பரவிய பிறகு முந்தானையும் போயிற்று.

2015 ஆகஸ்ட் தொடக்கத்தில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, தமிழ்நாட்டின் பஸ் நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகளை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கதவு. அவ்வளவுதான் தேவை, அந்த அவ்வளவு வருவதற்கு சுதந்திரம் கிடைத்து 68 ஆண்டு ஆயிற்று. திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாவியில்தான் குறை. சில ஊர்களில் அறை நன்றாக நடக்கிறது. சில ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. சில இடங்களில் துடைப்பமும் பினாயில் கேனும் பிள்ளை பெற்றதுபோல அந்த அறையில் குடியிருக்கின்றன. உள்ளூர்ச் செய்திப் பக்கங்களில் இந்தப் படம் மாறி மாறி வருகிறது, அறை நாலு நாள் திறக்கிறது, மறுபடி பூட்டு. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் பிரசன்ன பி. வராலேயும் அடங்கிய அமர்வு, பொது இடங்களில் பாலூட்ட வசதி செய்வதை மாநில அரசுகள் உறுதிப்படுத்த வேண்டும் என்று சொன்னது. பொது இடத்தில் பாலூட்டும் பெண்ணை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. கட்டடத்துக்கு உத்தரவு போட நீதிமன்றத்தால் முடியும். எதிர் இருக்கைக்காரரின் கண்ணுக்கு யார் உத்தரவு போடுவது?

டயப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது வந்ததால்தான் பத்து மணிநேரப் பயணம் சாத்தியமாயிற்று என்று எந்தத் தாயும் சொல்வாள். ஆனால் தண்டவாளத்தோரமும் கோயில் குளத்தோரமும் சுருட்டி எறியப்பட்டுக் கிடக்கும் டயப்பர்களை யார் எறிந்தார்கள்? நாம்தான். சுற்றிப் போட ஓர் உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. வேட்டித் துணியைத் துவைத்த கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த வேலை துப்புரவுப் பணியாளர்களின் கைக்குப் போயிருக்கிறது.

வானத்துக்கு வந்தால் பயணத்தின் திசையே திரும்பிவிட்டது. முன்பு மகள் தாய்வீடு தேடி வந்தாள். இப்போது மகள் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ பெறுகிறாள். அம்மா விசா வாங்கிக்கொண்டு, பிரசவ லேகியமும் பூண்டும் பெட்டியில் வைத்து, அவளைத் தேடிப் போகிறாள். பிள்ளை ஊரைப் பார்ப்பது அதற்கப்புறம், மொட்டை போட வரும்போது. அதற்குள் அதற்கொரு கடவுச்சீட்டு வேண்டும். பழைய நாளில் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே பிள்ளையின் பெயரையும் எழுதிச் சேர்ப்பார்கள். இன்று தொட்டில் பிள்ளைக்கும் தனிப் புத்தகம். தலை நிற்காத பிள்ளையை வெள்ளைத் துணியில் கிடத்தி, கண் திறந்திருக்க, வாய் மூடியிருக்க, கை முகத்தை மறைக்காமலிருக்கப் புகைப்படம் எடுப்பது என்னும் அந்த மதியப்பொழுதுக் கூத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விமானத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை மடியில் உட்காரலாம். வெளிநாட்டு விமானங்களில் முன்சுவர் ஓரம் மாட்டும் தொட்டில் கிடைக்கும், முன்கூட்டிச் சொல்லி வைத்தால். பிள்ளை வீறிடுவதற்குப் பெரும்பாலும் காதுதான் காரணம். உள்ளே காற்றழுத்தம் மாறும்போது தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம், பிள்ளைக்கு அது தெரியாது. ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும் பால் கொடுத்தால் விழுங்கும், குழாய் திறக்கும். இறங்குவதற்கு அரைமணி முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும் என்பதால் சக்கரம் இறங்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்தும் பிள்ளை அழும். அப்போது முன்வரிசையிலிருந்து திரும்பும் அந்த ஒரு பார்வை இருக்கிறதே, பழைய பஸ்ஸில் அது இல்லை. பஸ்ஸில் பிள்ளை அழுதால் நாலு பேர் கிலுக்கு ஆட்டினார்கள், ‘வயித்து வலியா இருக்கும், குப்புறப் போடு’ என்றார்கள். விமானத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைய தாய்க்குப் பிள்ளை தங்குமா என்று பயம். இன்றைய தாய்க்குப் பிள்ளை அழுதுவிடுமோ என்று பயம். இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. முன்னேற்றத்திலும் வெட்கப்பட வேண்டியது சிலது உண்டு.

சாலையில்தான் நாம் இன்னும் அன்றிலேயே இருக்கிறோம். கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்துப் போன காலத்தில் மாட்டின் வேகம் ஆபத்தில்லாத வேகம். நாற்கரச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் முன் இருக்கையில் மடியில் பிள்ளையோடு உட்கார்வது வேறு விஷயம். தாயின் கை எவ்வளவு இறுக்கினாலும் மோதலில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. எதிரே விரியும் காற்றுப்பையே பிள்ளைக்கு ஆபத்து. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. கட்டியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இரு சக்கர வாகனத்துக்கும் 2022-ல் விதி வந்து, 2023-ல் நடைமுறைக்கு வந்தது: சின்னப் பிள்ளையை ஓட்டுபவரோடு வாரால் பிணைக்க வேண்டும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை தலைக்கவசம் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் செருகிய பிள்ளையை எந்த ஊர்ச் சிக்னலில் நின்றாலும் பார்க்கலாம். கார் வாங்கக் கடன் வாங்கும் குடும்பம் குழந்தை இருக்கைக்கு மட்டும் ‘எதுக்கு, நாம மடியில வச்சுக்குவோம்’ என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பாட்டி சொல்லைத் தட்டலாம்.

மாறாத பயணம் ஒன்று உண்டென்றால் அது குலதெய்வம் கோயிலுக்கு. சிட்டியில் பிறந்தாலும் சிட்னியில் பிறந்தாலும் முடியிறக்கவும் காது குத்தவும் அந்தக் காட்டுக் கோயிலுக்கு வந்தாக வேண்டும். வேனில் இடம் போதாது, யார் யாரோ ஏறுவார்கள், பொங்கப்பானையும் ஆடும் ஒரே வண்டியில் வரும். ஜாதகத்தையும் கூகுள் வரைபடத்தையும் வைத்துப் புறப்பட்டு, கடைசியில் ஆடு மேய்ப்பவரிடம் வழி கேட்பார்கள். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, தலையில் தண்ணீர் விழுந்ததும் மூச்சடக்கி, கத்தி பட்டதும் உச்சத்தில் கத்தும். சந்தனம் பூசியதும் அதே பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும். அன்று முழுக்க அது தரையைத் தொடாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பெற்றவள் இரண்டு கையாலும் எடுத்துச் சுடுசோறு சாப்பிடுவாள். காணாமல் போன அந்த மடிகள் எங்கே என்று தேடுபவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

பிள்ளையோடு பயணம் போவதில் இப்போதுதான் வந்த மகிழ்ச்சி என்று எதைச் சொல்வாய் என்று கேட்டால், நான் அப்பாக்களைக் காட்டுவேன். என் தலைமுறை அப்பாக்கள் பெட்டி தூக்கினார்கள். பிள்ளையைப் பொது இடத்தில் தூக்குவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. மனைவி பிள்ளையும் கூடையுமாகப் பின்னால் வர, பத்தடி முன்னால் நடந்தார்கள். இப்போது ரயில் நிலையத்தில் நெஞ்சோடு பிள்ளையைக் கட்டிக்கொண்டு, தோளில் பூப்போட்ட துண்டு, பாக்கெட்டில் கிலுகிலுப்பை என்று நிற்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். டயப்பர் மாற்றத் தெரிகிறது. எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று தெரிகிறது. பெண்கள் கழிப்பறைக்குள் மட்டும் டயப்பர் மாற்றும் மேசையை வைத்திருக்கிறார்களே, நாங்கள் எங்கே போவது என்று ஒரு தகப்பன் நிலைய ஊழியரிடம் சண்டை போடுவதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நியாயமான சண்டை.

தமிழ்நாட்டு அரசு பஸ்களில் முன்பு மூன்று வயது வரைதான் டிக்கெட் இல்லை; 2022-ல் அது ஐந்து வயது என்று உயர்ந்தது. அரசு தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மீதி நம் கையில். அடுத்த முறை ரயிலில் கைப்பிள்ளைக்காரி மேல் பெர்த்தைப் பார்த்து மலைத்து நின்றால், அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் கீழ் பெர்த்தைக் கொடுங்கள். பிள்ளையின் கன்னத்தைத் தொடாதீர்கள், பெட்டியைத் தூக்கிக்கொடுங்கள். உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் தாய்ப்பால் ஊட்டும் அறை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் நேரக்காப்பாளரிடம் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.